ரத்தபீஜனை வீழ்த்திய வியூகம்! பழைய கம்ப்யூட்டர் கேம்களில் அணி சேர்ப்பதும் மந்திரம் விடுவதும் எப்படி?

புதுக்கோட்டையை ஒட்டியிருக்கிறது திருக்கோகர்ணம். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் குடிகொண்டிருக்கும் ஊர். நவராத்திரி நாள்களில் சமஸ்தானம் மக்களுக்கு வழங்கிய சின்னஞ்சிறு 'அம்மன் காசி'ல் இருந்தது இவள் உருவம்தான். இங்குள்ள கோகர்ணேசுவரர் கோயில், மலையைக் குடைந்து உருவாக்கிய குடைவரைக் கோயில். அந்தப் பாறையில் புடைப்புச் சிற்பங்களாக வரிசையில் இருக்கிறார்கள் ஏழு பெண் தெய்வங்கள். பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி. ஊர்மக்கள் சொல்லும் சப்தகன்னியர். நூல்கள் சொல்லும் சப்தமாதர்.

இவர்கள் ஏன் ஏழு பேராக வந்தார்கள்? தேவி மகாத்மியத்தில் அதற்கு ஒரு போர்க்கதை இருக்கிறது.

ரத்தபீஜன் என்றோர் அசுரன். அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால், அவனைப் போலவே இன்னோர் அசுரன் எழுந்து நிற்பான். அன்னையர் சூலத்தாலும் சக்கரத்தாலும் வேலாலும் தாக்கினார்கள். அடிக்க அடிக்க எதிரிகள் பெருகினார்கள். பலம் கூடக் கூட நிலைமை மோசமானது. கடைசியில் தேவி, காளியை அழைத்து ஒரே ஒரு வேலை கொடுத்தாள். ரத்தம் தரையில் விழுவதற்கு முன்பே குடித்துவிட வேண்டும். ஒருத்தி அடிக்க, ஒருத்தி குடிக்க, ரத்தபீஜன் வற்றி விழுந்தான்.

'பால்டர்ஸ் கேட் 2' என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடியவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அதில் 'ட்ரோல்' என்றொரு பூதம் வரும். வாளால் எவ்வளவு வெட்டினாலும் கீழே விழுமே தவிரச் சாகாது. சிறிது நேரத்தில் எழுந்துவிடும். விழுந்து கிடக்கும் நேரத்தில் நெருப்பாலோ அமிலத்தாலோ தாக்கினால்தான் கதை முடியும். அணியில் நெருப்பு மந்திரமோ, அமில அம்போ வைத்திருக்கும் ஆள் இல்லையென்றால், எவ்வளவு பெரிய வீரர் இருந்தும் பயனில்லை.

பலத்தைவிடப் பொருத்தம் முக்கியம். சரியான ஆள் சரியான நேரத்தில் சரியான வேலையைச் செய்ய வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய ரோல் பிளேயிங் கேம்கள் சொல்லித் தரும் பாடமும் இதுதான்.

பகடையில் பிறந்த உலகம்

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். அதே ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியானது. அதற்கு மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதை சொல்வார். "இருட்டான குகை, முன்னால் கதவு, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

இதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர முயன்றவர்கள் பலர். அவர்களில் பெரிய வெற்றி கண்டவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்ற இரண்டு கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள். 1981-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக இவர்கள் வெளியிட்ட கேம் 'விஸார்ட்ரி'. பத்து அடுக்கு கொண்ட பாதாளப் புதிர்ப்பாதை. அதன் அடியில் 'வெர்ட்னா' என்ற தீய மந்திரவாதி. 'ஆண்ட்ரூ' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'வெர்ட்னா'. வீரர்களை அனுப்பிவைக்கும் அரசன் 'ட்ரெபோர்', 'ராபர்ட்' என்ற பெயரின் தலைகீழ். தங்களையே வில்லனாகவும் அரசனாகவும் ஆக்கிக்கொண்ட கல்லூரிக் குறும்பு அது.

அதற்குப் பிறகு 1985-ல் 'தி பார்ட்ஸ் டேல்', 1988-ல் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்', 1998-ல் 'பால்டர்ஸ் கேட்' என்று வரிசை நீண்டது. 'பால்டர்ஸ் கேட்'டை உருவாக்கிய கனடாவின் பயோவேர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் மூன்று பேர் மருத்துவர்கள். 2023-ல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' அந்த ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதை 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் வென்றது. கிராபிக்ஸ் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால், முதல் திரையில் கேட்கப்படும் கேள்வி மட்டும் மாறவே இல்லை: உங்களோடு யாரைக் கூட்டிச் செல்லப் போகிறீர்கள்?

நான்கு தூண்கள்

'விஸார்ட்ரி'யில் அதிகபட்சம் ஆறு பேரை அழைத்துச் செல்லலாம். அடிப்படை வகைகள் நான்கு.

வீரர்: கவசம் போட்டு, வாள் பிடித்து, அடியை வாங்கிக்கொண்டு நிற்பவர். எதிரியைக் கொல்வதைவிட, எதிரி பின்னால் இருப்பவர்களை நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இவருடைய முதல் வேலை.

பூசாரி: காயத்தை ஆற்றுவார், அணிக்கு ஆசி வழங்குவார். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழிவந்த கேம்களில் பேய், பிசாசு, நடமாடும் எலும்புக்கூடு போன்றவற்றைத் தெய்வத்தின் பெயரால் விரட்டவும் செய்வார்.

திருடர்: பெயரைக் கேட்டு ஒதுக்கிவிட வேண்டாம். பெட்டியில் விஷ ஊசி இருக்கிறதா, கதவில் பொறி வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பவர் இவர்தான். இவர் இல்லாத அணி, புதையல் பெட்டியைத் திறக்கும்போதே பாதி செத்துவிடும்.

மந்திரவாதி: அணியிலேயே மிகப் பலவீனமானவர். அணியிலேயே மிகப் பலமானவரும் இவரே.

இந்த நான்காவது ஆள்தான் புதிதாக ஆடுபவர்களை ஏமாற்றுபவர். 'பால்டர்ஸ் கேட்' பின்பற்றிய பழைய விதிகளில் ஒருவரின் உயிர்ப் புள்ளிகளைப் பகடைதான் தீர்மானிக்கும். வீரருக்குப் பத்துப் பக்கப் பகடை. மந்திரவாதிக்கு நான்கு பக்கப் பகடை. தொடக்கத்தில் ஒரு ஓநாய் இரண்டு முறை கடித்தாலே மந்திரவாதி காலி. கையில் இருப்பது ஒரு கம்பு, மனதில் இருப்பது ஒரே ஒரு மந்திரம். "இவரை எதற்குச் சோறு போட்டு வளர்ப்பது?" என்று நினைத்துக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. ஆட்டத்தின் பிற்பகுதியில் தெருவையே எரிக்கும் சக்தி அவருக்கு வரும்போது, அவர் அணியில் இருக்கமாட்டார்.

ஆறு வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால், ஆரம்ப வெற்றிகள் சுலபமாக வரும். மூன்றாவது அடுக்கில் விஷம் ஏறும். ஐந்தாவது அடுக்கில் வாளுக்குப் படாத ஆவி எதிரே நிற்கும். அங்கிருந்து திரும்பி வர வழி இருக்காது.

ஆடு புலி ஆட்டம் தெரியுமா?

'விஸார்ட்ரி'யில் ஆறு பேரும் வரிசையாக நிற்பார்கள். முதல் மூவர் முன்வரிசை. அவர்களால்தான் வாளால் தாக்க முடியும். எதிரியின் கைகலப்புத் தாக்குதலும் அவர்களைத்தான் வந்தடையும். பின் மூவர் மந்திரத்தால் மட்டுமே சண்டையில் பங்கெடுப்பார்கள். யாரை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் பாதி யுத்தம்.

'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' இதை இன்னும் விரித்தது. சண்டை தொடங்கியதும் மேலிருந்து பார்ப்பதுபோல் கட்டம் போட்ட களம் விரியும். ஒவ்வொருவரையும் நகர்த்தலாம். குறுகலான வாசலில் இரண்டு வீரர்களை நிறுத்தினால், இருபது எதிரிகள் வந்தாலும் இரண்டிரண்டாகத்தான் வர வேண்டும். வெட்டவெளியில் நின்றால் அதே இருபது பேர் சுற்றி வளைத்து மந்திரவாதியைக் கொன்றுவிடுவார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்த் திண்ணையிலும் கோயில் தரைக் கல்லிலும் கோடு கிழித்து ஆடும் ஆடு புலி ஆட்டம் போதும். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து அதை வெட்டிவிடும். அந்த இடத்தில் இன்னோர் ஆடு நின்றால், புலியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டுக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. இருந்தும் புலி நகர இடமில்லாமல் அடைத்து ஜெயிக்கிறது. தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் ஆட்டின் உயிர் இருக்கிறது.

பழைய ரோல் பிளேயிங் கேம்களின் மந்திரவாதியும் அப்படித்தான். அவரைச் சுற்றி இருக்கும் காலி இடங்களைக் கவனிப்பவரே நல்ல ஆட்டக்காரர்.

செத்தவரைத் தேடிப் போகும் அணி

இன்றைய பல மொபைல் கேம்களில் தோற்றால் ஒரு விளம்பரம் பார்த்தால் போதும். உயிர் திரும்பிவிடும். 'விஸார்ட்ரி' அப்படி இரக்கம் காட்டவில்லை.

அணி முழுக்கப் பாதாளத்தில் செத்துவிட்டால், கேம் அதை உடனே டிஸ்க்கில் எழுதிவிடும். பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்ற பேச்சே கிடையாது. ஆறு உடல்களும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆட்டக்காரர் புதிதாக ஆறு பேரை உருவாக்கி, அவர்களைப் பயிற்றுவித்து, அதே ஆபத்தான இடத்துக்கு அனுப்பி, உடல்களை மீட்டு வர வேண்டும். பல வாரம் வளர்த்த அணியை மீட்க, நேற்றுப் பிறந்த அணி போகும்.

மீட்டுவந்தாலும் கதை முடிவதில்லை. கோயிலில் பணம் கட்டி உயிர்ப்பிக்கச் சொல்லலாம். அது பலிக்காமல் போனால் உடல் சாம்பலாகிவிடும். சாம்பலிலிருந்து உயிர்ப்பிக்க இன்னும் அதிகப் பணம். அதுவும் பலிக்காவிட்டால், அந்தப் பெயர் பட்டியலிலிருந்தே நிரந்தரமாகப் போய்விடும்.

அந்த முதல் தலைமுறை ஆட்டக்காரர்கள் கதவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். திரும்பி வர மந்திரம் மிச்சம் இருக்கிறதா? பூசாரியிடம் எத்தனை முறை காயம் ஆற்ற முடியும்? 'இன்னும் ஒரு அறை பார்த்துவிட்டுப் போகலாம்' என்ற ஆசைதான் அணிகளைக் கொன்றது. எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிவதும் ஒரு திறமை என்பதை அந்த இழப்புகள் கற்றுக்கொடுத்தன.

ஒரு முறைதான்... கர்ணனைக் கேளுங்கள்

மந்திரம் என்ற விஷயத்தில் இந்த கேம்களுக்கு ஒரு விசித்திர விதி உண்டு. மந்திரவாதி காலையில் தன் ஏட்டைத் திறந்து, இன்று எந்தெந்த மந்திரம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டால், அது மனதிலிருந்து அழிந்துவிடும். மறுபடி தூங்கி எழுந்து, மறுபடி படித்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதே மந்திரம் இரண்டு முறை வேண்டுமென்றால், இரண்டு முறை மனப்பாடம் செய்து வைக்க வேண்டும்.

ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950-ல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலில் மந்திரவாதிகள் இப்படித்தான் இருந்தார்கள். கைகாக்ஸ் அதை எடுத்துக்கொண்டார். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உலகின் பிரபல வில்லனான 'வெக்னா' என்ற பெயர், 'வான்ஸ்' என்ற பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டதுதான். 'விஸார்ட்ரி' இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒவ்வொரு நிலை மந்திரங்களையும் இத்தனை முறை சொல்லலாம் என்று கணக்கு வைத்தது. 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்', 'பால்டர்ஸ் கேட்' இரண்டும் மனப்பாட முறையையே கடைப்பிடித்தன.

மேற்கத்திய ஆட்டக்காரர்கள் பலருக்கு இந்த விதி எரிச்சலூட்டியது. நமக்கு அது அவ்வளவு அந்நியமில்லை. மந்திரத்தைப் பெறுவது, காப்பது, மறப்பது எல்லாம் நம் கதைகளில் ஊறியவை. புதுக்கோட்டையிலேயே அப்படி ஒரு வழக்கு உண்டு. மௌன விரதத்தில் இருந்த சதாசிவ பிரம்மேந்திரர், தன்னைத் தேடி வந்த விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு மந்திரத்தை வாயால் சொல்லாமல் மணலில் எழுதிக் காட்டினார் என்றும், மன்னர் அந்த மணலையே அள்ளிவந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்றும் சொல்வார்கள்.

அஸ்திரம் என்றால் கர்ணன் நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்ததற்கு ஈடாக இந்திரன் அவனுக்குக் கொடுத்தது சக்தி ஆயுதம். யார்மீது விட்டாலும் தப்ப முடியாது. ஒரே ஒரு முறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான் கர்ணன்.

பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கஜன் வந்தான். மாயத்தால் கௌரவப் படையைக் கிழித்தான். 'இவனை இப்போது கொல்லாவிட்டால் விடிவதற்குள் படையே இருக்காது' என்று எல்லோரும் கதறினார்கள். கர்ணன் சக்தி ஆயுதத்தை விட்டான். கடோத்கஜன் விழுந்தான். பாண்டவர்கள் அழுதார்கள். கண்ணன் மட்டும் மகிழ்ந்தான். அர்ச்சுனனின் உயிர் அந்த நொடியில் காப்பாற்றப்பட்டுவிட்டது.

கர்ணன் செய்தது தவறா? அன்று இரவு அவனுக்கு வேறு வழி இருந்ததா? கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி இது. 'பால்டர்ஸ் கேட்' ஆடுபவரும் தினமும் இதே கேள்வியோடுதான் பாதாளத்தில் இறங்குகிறார். பெரிய மந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. இந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது கடோத்கஜனா, அர்ச்சுனனா?

கண்ணன் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு பாடம் கிடைக்கும். எதிரியிடம் ஒரு பெரிய அஸ்திரம் இருந்தால், நம் முக்கியமான ஆளை முன்னே அனுப்பக் கூடாது. அதை வேறெங்காவது செலவழிக்க வைக்க வேண்டும். கேம்களில் இந்த வேலைக்கு 'வரவழைக்கும்' மந்திரங்கள் இருக்கின்றன. ஓநாயையோ பூதத்தையோ வரவழைத்து முன்னே விட்டால், எதிரி மந்திரவாதி தன் சரக்கை அதன்மீது கொட்டிவிடுவார். கடோத்கஜனுக்குத்தான் நாம் அழுகிறோம். வரவழைத்த ஓநாய்க்காக யாரும் அழுவதில்லை.

நெருப்பைவிடத் தூக்கம் பெரிது

புதிதாக ஆடுபவர்கள் கேட்கும் முதல் மந்திரம் 'ஃபயர்பால்'. பெரிய தீக்கோளம், ஒரே வீச்சில் பத்துப் பேர் சாம்பல். அனுபவசாலிகள் கேட்பது 'ஸ்லீப்'. தூங்க வைக்கும் மந்திரம்.

காரணம் எளிது. முதல் நிலையிலேயே கிடைக்கும் இந்த மந்திரம், பலம் குறைந்த எதிரிக் கூட்டத்தை அப்படியே சுருண்டு விழச் செய்யும். தூங்குபவர் திருப்பி அடிக்க மாட்டார். ஐந்து எதிரியில் ஒருவரைக் கொன்றால், நான்கு பேர் அடிப்பார்கள். ஐந்து பேரையும் தூங்க வைத்தால், யாரும் அடிக்க மாட்டார்கள். 'விஸார்ட்ரி'யில் 'கட்டினோ' என்ற பெயரில் வரும் தூக்க மந்திரம்தான் ஆரம்ப அடுக்குகளில் எத்தனையோ அணிகளைக் காப்பாற்றியது.

திருக்கோகர்ணத்து அன்னையர் வரிசையில் முதலில் சொல்லப்படும் பிராமியும் இதே தந்திரத்தைத்தான் கையாள்கிறாள். தேவி மகாத்மியத்தில் மற்றவர்கள் சூலம், சக்கரம், வேல் என்று ஏந்திவர, அவள் கமண்டலத்து நீரைத் தெளிக்கிறாள். எதிரிகள் வீரியம் இழக்கிறார்கள். அவர்களை வீழ்த்துவது மற்றவர்களுக்கு எளிதாகிவிடுகிறது.

'ஃபயர்பால்' பயனற்றது என்று அர்த்தமில்லை. ஆனால் அதற்கு நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாது. 'பால்டர்ஸ் கேட்'டில் எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நம் வீரரையும் சேர்த்தே எரித்துவிடும். அதனால் முதலில் 'வெப்' என்ற சிலந்தி வலை மந்திரத்தால் எதிரிகளைத் தூரத்திலேயே ஒட்டவைத்துவிட்டு, நம் ஆட்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அதன் பிறகு தீக்கோளம் வீசுவார்கள். இரண்டு மந்திரங்களும் தனித்தனியே சாதாரணம். வரிசையாக வந்தால் சண்டையே முடிந்துவிடும்.

இன்னொரு நுட்பம், மந்திரத்தைக் கலைப்பது. மந்திரம் சொல்லி முடிக்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் ஓர் அம்பு பட்டால் போதும், மந்திரம் கலைந்துவிடும். சண்டை தொடங்கியதும் பக்கத்தில் நிற்கும் முரட்டு எதிரியை அடிக்கத்தான் கை போகும். அனுபவசாலிகளோ வில்லாளர்களை எல்லாம் தூரத்தில் அங்கி அணிந்து முணுமுணுக்கும் கிழவர் பக்கம் திருப்புவார்கள். 'மேஜிக் மிசைல்' என்ற சின்ன மந்திரத்துக்கு மதிப்பு கூடுவதும் இதனால்தான். சேதம் குறைவு. ஆனால் சட்டென்று சொல்லிவிடலாம், குறியும் தப்பாது.

'பால்டர்ஸ் கேட் 2'-ல் இது இன்னும் சிக்கலாகும். எதிரி மந்திரவாதிகள் கல் தோல், பிம்ப மாயை என்று அடுக்கடுக்காகப் பாதுகாப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள். முதலில் அந்த அடுக்குகளை உரிக்கும் மந்திரம், பிறகே தாக்கும் மந்திரம். அதற்கும் வழியில்லையா? அறையைவிட்டு வெளியே ஓடிவந்துவிடலாம். பல பாதுகாப்புகளுக்குக் கால அளவு உண்டு. தீர்ந்த பிறகு திரும்பிப் போகலாம். ஓடுவதில் அவமானம் எதுவும் இல்லை.

ஒரே வீட்டில் ஒத்துவராதவர்கள்

'பால்டர்ஸ் கேட்' அணி சேர்ப்பதில் ஒரு புதுத் தலைவலியைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பல கேம்களில் அணியினர் வெறும் எண்கள். இதில் அவர்களுக்குச் சொந்தக் கருத்து உண்டு.

காலித், ஜஹீரா இருவரும் கணவன் மனைவி. காலித் வேண்டாம் என்று அனுப்பினால், ஜஹீராவும் கிளம்பிவிடுவார். எட்வின் என்ற மந்திரவாதி மிகத் திறமைசாலி. ஆனால் டைனஹீர் என்ற மந்திரவாதினியைக் கொல்ல வேண்டும் என்று சுற்றுபவர். இருவரையும் சேர்த்து வைத்தால், ஒருநாள் அணிக்குள்ளேயே ரத்தம் சிந்தும். அணியின் நற்பெயர் கெட்டால் நல்லவர்கள் முகம் சுளித்து விலகுவார்கள். நற்பெயர் மிகவும் கூடினால் கெட்டவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் கிளம்புவார்கள்.

காகிதத்தில் மிகச் சிறந்த ஆறு பேரைச் சேர்ப்பது சுலபம். அந்த ஆறு பேரும் ஒரே கூடாரத்தில் படுத்து எழ வேண்டும் என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கும் சமையலுக்கும் ஆள் பிரித்துவிட்ட யாருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். கைராசியான சமையல்காரரும், அவரோடு பேசாத இன்னொரு கைராசிக்காரரும் ஒரே அடுப்படியில் இருந்தால், சாம்பார் கொதிக்கிறதோ இல்லையோ சண்டை கொதிக்கும். கொஞ்சம் திறமை குறைந்தாலும் ஒத்துப்போகிறவரை வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தவர்கள் ஏராளம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு...

* 'பால்டர்ஸ் கேட்' முதல் பாகத்தின் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. எழுத்து அதிகம் என்பதால் டேப்லெட்டில் ஆடுவது கண்ணுக்கு நல்லது. 'விஸார்ட்ரி' முதல் பாகமும் 2024-ல் புதிய கிராபிக்ஸோடு மறுவெளியீடு கண்டது.

* முதல் அணிக்கு எளிய கணக்கு: முன்னால் அடி தாங்க இருவர், காயம் ஆற்ற ஒருவர், பொறி பார்க்க ஒருவர், மந்திரத்துக்கு ஒருவர், தூரத்திலிருந்து அம்பு எய்ய ஒருவர்.

* ஆரம்பத்தில் மந்திரவாதிக்குத் தூக்க மந்திரம் போதும். அவரை எப்போதும் கடைசியில் நிறுத்துங்கள்.

* 'பால்டர்ஸ் கேட்'டில் சண்டையை நடுவில் நிறுத்தி வைத்து, ஒவ்வொருவருக்கும் உத்தரவு கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் ஸ்பேஸ் பார், மொபைலில் அதற்கான பொத்தான். தாராளமாகப் பயன்படுத்துங்கள். பதறாமல் யோசிக்கத்தான் அது இருக்கிறது.

* எல்லா மந்திரமும் தீர்ந்த பிறகு தூங்க இடம் தேடாதீர்கள். பாதாளத்தில் படுத்தால் நடுராத்திரியில் எதிரி வந்து எழுப்பக்கூடும். ஒன்றிரண்டு மந்திரங்களை மிச்சம் வைத்துக்கொண்டு படுப்பதே பாதுகாப்பு.

* பெற்றோர் கவனத்துக்கு: பழைய பாகங்களிலும் சண்டையும் சாவும் உண்டு. 'பால்டர்ஸ் கேட் 3' முழுக்க வயது வந்தவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதற்கு முன் வயது வரம்பைப் பாருங்கள். முதல் சில மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, யாரை அணியில் சேர்க்கலாம் என்று சேர்ந்து விவாதித்தால் ஆட்டம் இன்னும் சுவைக்கும்.

பாறையில் நிற்கும் அணி

திருக்கோகர்ணத்தில்தான் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. சமஸ்தான காலத்தில், 1910-ல் தொடங்கப்பட்டது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், அங்கிருக்கும் பழைய ஆயுதங்களுக்கு முன்னால் ஒரு விளையாட்டு ஆடிப் பார்க்கலாம். 'இதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பாய்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய வாளைத்தான் காட்டுவார்கள். அடுத்து, 'உன்னோடு இன்னும் ஐந்து பேர் வருகிறார்கள். அவர்களுக்கும் வாள்தானா?' என்று கேளுங்கள். அப்போதுதான் ஈட்டியின் நீளமும் கேடயத்தின் அகலமும் அவர்கள் கண்ணில் படும்.

அங்கிருந்து கோயிலுக்குப் போனால், விடை பாறையிலேயே இருக்கிறது. சப்தமாதர் வரிசைக்கு இரு முனையிலும் வீரபத்திரரையும் விநாயகரையும் காவலாக வைப்பது சிற்பிகளின் வழக்கம். நடுவில் ஏழு பேர். ஒருத்தி கையில் இருப்பது இன்னொருத்தி கையில் இல்லை. கமண்டலத்து நீரால் மட்டும் ரத்தபீஜன் சாகவில்லை. சூலத்தால் மட்டும் சாகவில்லை. அவன் ரத்தத்தைக் குடிக்க ஒருத்தி வந்து நிற்கும்வரை, மற்றவர்கள் அடித்த ஒவ்வோர் அடியும் எதிரியைப் பெருக்கத்தான் உதவியது.

அடுத்த முறை திரையில் "உங்களோடு யாரைக் கூட்டிச் செல்லப் போகிறீர்கள்?" என்ற கேள்வி வரும்போது, மிகப் பெரிய வாள் வைத்திருப்பவரை உடனே தொட்டுவிடாதீர்கள். ரத்தம் தரையில் விழுந்தால் யார் பார்த்துக்கொள்வார் என்று முதலில் யோசியுங்கள்.